மெயின் சுவிட்சுக்கும் ஒரு பொட்டு

"அண்ணாச்சி உள்ளயா இருக்காக?"

குறுக்குத்துறை ரோட்டில் சங்கரி வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் போனதில்லை. பால்காரன் கேட்பான். தபால்காரர் கேட்பார். எதிர்வீட்டு ஆவுடைத்தாய்க்குப் பதில் நன்றாகவே தெரியும்; இருந்தாலும் காலையில் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்ததும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். இரண்டு வருஷமாகச் சங்கரியும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ளதான் இருக்காக."

அண்ணாச்சி என்பது அவள் புருஷன் குமரவேல். மில்லில் எலக்ட்ரீசியன். மோட்டார் இரைகிற இரைச்சலை வாசலில் நின்று கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். மில்லைப் பூட்டிய புதிதில் தினமும் மில் கேட் வாசலில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்தான். அப்புறம் வாரம் ஒருமுறை. அப்புறம் அதுவும் இல்லை. பாலத்து முக்கு டீக்கடையில் பழைய மில்லுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வழியில் கண்டவர்கள் எல்லாம், "மில்லு எப்பம் தொறப்பாவ?" என்று சாவியை இவன் இடுப்பில் செருகி வைத்திருக்கிறது மாதிரிக் கேட்பார்கள். அதற்குப் பயந்து வெளியே போகிறதையே விட்டுவிட்டான். உள்ளறை பெஞ்சில், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு தூத்துக்குடியில். அங்கே பேத்தி பிறந்தபோதுகூடச் சங்கரிதான் தனியாகப் போய்வந்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் ஆனி மாதம் ஒரு நாள் வேன்காரர் பீர் மைதீன் வண்டியில் பழைய பிரிண்டர்கள் வந்து இறங்கின.

கொண்டுவந்தவர் கோமதிசங்கர். ரிட்டயர்டு பாங்க் மேனேஜர். பாளையங்கோட்டையில் ஒரு கல்வி அறக்கட்டளைக்குச் செயலாளர். அவர் வீட்டுக்கு ஒயரிங் செய்தது குமரவேல்தான்.

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரங்க புதுசு வாங்கிட்டு, பழசை எல்லாம் தானமாக் குடுத்திட்டாங்க. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கணும். எது ஓடும், எது ஓடாது, எதை ஓட வைக்கலாம்னு பாத்துத் தரணும் குமரவேல்."

"எனக்கு இது தெரியாது சார். நான் மோட்டார் பாக்கவன்."

"இதுக்குள்ளயும் மோட்டார்தானே ஓடுது?"

குமரவேல் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் விளக்கப் புத்தகங்களையும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் எல்லாம் முன்னறையில் சாக்கு மூடியபடி கிடந்தன. மூன்றாம் நாள் ஒரு பிரிண்டருக்குள்ளிருந்து கரப்பான்பூச்சி குடும்பத்தோடு கிளம்பி அடுக்களைக்குள் வந்தது.

"இந்தா பாருங்க, சோறு பொங்குத எடத்துல இதெல்லாம் ஆவாது. ஒண்ணு அந்தச் சவத்தத் தொறந்து பூச்சிய வெரட்டுங்க. இல்லேன்னா தூக்கித் தெருவுல வச்சிருவேன்," என்றாள் சங்கரி.

பூச்சியை விரட்டத்தான் திறந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "இரு, இரு" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடி சங்கரி ரசத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

அதிலிருந்து முன்னறை அச்சறையாயிற்று. உள்ளே தனியாக ஒரு லைன் இழுத்து, சுவரில் தனியாக ஒரு மெயின் சுவிட்சு மாட்டினான். வந்தவற்றை மூன்றாகப் பிரித்தான். ஓடுகிறது ஒரு பக்கம், ஓட வைக்கலாம் என்கிறது ஒரு பக்கம், உதிரி பாகத்துக்கு மட்டும் ஆகிறது கட்டிலுக்கு அடியில். கவரைக் கழற்றி, பழைய தாள் கிழிசலையும் குண்டூசியையும் எடுப்பான். தாளை இழுக்கிற ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைப்பான். வழுவழு என்று போயிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பான். மை நிறைந்த சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதன் வாயைப் பார்ப்பான். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக மை பீய்ச்சுகிற இடம் அது. மை காய்ந்து அடைத்திருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த வாயில் ஒற்றி ஒற்றி எடுப்பான். முதலில் ஒன்றும் வராது. பிறகு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று பட்டையாகத் துணியில் இறங்கும்.

"ஏளா, இங்கன வா. மூணும் வந்துட்டு பாரு," என்று கூப்பிட்டுக் காட்டுவான்.

துணி கொடுப்பது சங்கரியின் வேலை. இட்லித் துணியே இதற்குச் சரி என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். நூல் உதிராது, தண்ணீரை அளவாகப் பிடிக்கும். அடுக்களையில் இட்லித் துணி குறைய ஆரம்பித்தது. அவள் திட்டிக்கொண்டே கொடுத்தாள்.

இன்னொரு பாடமும் முதல் வாரத்திலேயே நடந்தது. கூட்டுகிற அவசரத்தில் ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். குமரவேல் ஓடிவந்தான்.

"இதுக்குன்னு உள்ள பொத்தான அமுக்கித்தான் அணைக்கணும். அப்பம்தான் கார்ட்ரிட்ஜி மூலைக்குப் போயி மூடிமேல உக்காரும். பிளக்கைப் புடுங்குனா நடுவழியில வாயப் பொளந்துகிட்டு நிக்கும். வாயத் தொறந்து தூங்குனா காலைல தொண்ட வரளும்லா? அதே கததான். காஞ்சி அடச்சிரும்."

"நீங்க தூங்குத அழக மிசினுக்குச் சொல்லுதீகளா?" என்று சிரித்தாள். ஆனால் மனதில் வைத்துக்கொண்டாள். பிளக்கைத் தொடக்கூடாது.

புரட்டாசி முடிகிற வாக்கில் பன்னிரண்டு பிரிண்டர் தேறிவிட்டன. கோமதிசங்கர் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"விஜயதசமி அன்னைக்கே கொடுத்திருவோம். ஆறு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரும் நம்ம ஆபீசுக்கு வந்திருவாங்க. நாங்குநேரிப் பக்கத்துல இருந்து வாராங்க, புன்னக்காயல்ல இருந்து வாராங்க. ஆளுக்கு ரெண்டு. அடுத்து இதே மாதிரி பிரிண்டர் இன்னும் பெரிய லாட்டா வருது குமரவேல். கமிட்டியில சிலபேரு, மதுரையில ரிப்பேர் கம்பெனி இருக்கு, அவங்ககிட்டக் குடுத்துரலாம்னு சொல்லுதாங்க. இது நல்லபடியாப் போச்சுன்னா நான் பேசிக்கிடுவேன்."

அவர் போனபிறகு குமரவேல் வெகுநேரம் மெயின் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "இன்னொரு பலகை போடணும், எடம் பத்தாது," என்றான். சங்கரி அடுக்களைக்குள் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். மதுரைக்குப் போய்விடக்கூடாது. போனால் அந்தப் பெஞ்சும் சுவரும்தான் மறுபடி.

ஆயுத பூஜை வந்தது. ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். ஆற்றில் மணல் திட்டுத் தெரிந்தது. காற்று அடித்தால் கொடியில் போட்ட துணி கையை எடுக்குமுன் காய்ந்தது.

மில் நடந்த காலத்தில் அவர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்பது மில்லிலிருந்து வருகிற பொரியும் கடலையும்தான். பூசை எல்லாம் அங்கேயே. இந்த வருஷம்தான் வீட்டிலேயே ஆயுதம் இருக்கிறது. சங்கரி விடியற்காலமே எழுந்து வீட்டைக் கழுவிவிட்டாள். சந்தனம் அரைத்தாள். சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி களைந்தாள்.

குமரவேல் கடைசிச் சோதனையில் இருந்தான். பிரிண்டரின் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டைக் கொடுத்தால், தாள் தீரும்வரை அது தானாகவே கோடு கோடாக அடித்துத் தள்ளும். பன்னிரண்டையும் அப்படி ஓட விட்டிருந்தான்.

"தாள் தீரட்டும். நான் ஆத்துக்குப் போயி ஒரு முங்கு போட்டுட்டு வந்து ஒண்ணொண்ணா அணைக்கேன். நீ ஒண்ணும் செய்யாண்டாம்."

"ஆத்துக்கா? நீங்களா?"

"ஏன், ஆறு எங்கயும் போயிட்டா?" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாகப் போனான். தெருவழியாகப் போகவில்லை. இருந்தாலும் போனான்.

போனவன் வரவில்லை. ரொம்ப நாள் கழித்துத் தண்ணீரைக் கண்டவன், எப்படி உடனே ஏறுவான்? சங்கரி காலண்டரைப் பார்த்தாள். நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் எமகண்டம். அச்சறையிலோ பன்னிரண்டும் சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற ஆயுதத்துக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? அடங்கி இருந்தால்தானே பூசை?

அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. மில்லைப் பூட்டுவதற்கு முதல்நாளும் ஆயுத பூஜைதான். எல்லா மிஷினையும் நிறுத்தி, பொட்டு வைத்து, சூடம் காட்டிய பிறகு, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று குமரவேலை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் மோட்டாரைத் தொட்டு ஓட்டிவிட்டு வந்தான். மறுநாள் விஜயதசமிக்கு மில்லைத் திறக்கப் போனவர்கள் கேட்டில் நோட்டீசைப் பார்த்தார்கள். பஞ்சு விலை, பாங்க் கடன் என்று ஊர் ஆயிரம் காரணம் சொன்னது. சங்கரிக்குக் காரணம் ஒன்றுதான். பூசையில் வைத்ததைத் தொட்டது.

பிளக்கைத் தொடக்கூடாது என்றான். அவள் தொடவில்லை. சுவரோரம் போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே தள்ளினாள்.

பன்னிரண்டும் ஒரே மூச்சில் அடங்கின. பாதி அடித்த தாள்களை மெதுவாக உருவி எடுத்தாள். மூடிகளைச் சாத்தினாள். ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்குரூ டிரைவருக்கு, குறடுக்கு, பழைய கம்ப்யூட்டருக்கு எல்லாம் வைத்தாள். விரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மெயின் சுவிட்சுக்கும் ஒன்று வைத்தாள்.

குமரவேல் ஈரத்தலையோடு வந்து பார்த்தான். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு பிரிண்டர்கள் சத்தமில்லாமல் இருந்தன. தாள் தீர்ந்து நின்றிருக்கிறது, அணைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"பொண்ணு பாக்க வந்தவுக முன்னால உக்காந்த மாதிரில்லா இருக்கு," என்றான். சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் பீர் மைதீன் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். மில்லுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிவந்த காலத்திலிருந்து பழக்கம். மறுநாள் காலை எத்தனை மணிக்கு வண்டி கொண்டுவரவேண்டும் என்று கேட்க வந்தவருக்குச் சங்கரி சுண்டலும் பொரியும் கொடுத்தாள். அவர் அச்சறை வாசலில் நின்று கொறித்துக்கொண்டே உள்ளே பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, மிசினுக்குப் பொட்டு சரி. சுவிச்சுக்குமா? நாளைக்கு அது சடங்காயிட்டுன்னு சொல்லப்போறியா?"

குமரவேலும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கைப்பிடி கீழே கிடந்தது. அதன்மேல் குங்குமம்.

"ஏளா, மெயின எப்பம் அணச்ச?"

"நீங்க ஆத்துல இருந்து வாரதுக்கு முன்னாலதான்."

"ஓடிக்கிட்டு இருந்ததா, நின்னுட்டா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்து. நேரம் போவுதே, நீங்க வரலியே. பிளக்க நான் தொடவே இல்லயே. நீங்க சொன்னதுதான். மெயினத்தான் அணச்சேன்."

குமரவேல் தலையில் கைவைத்தான். பன்னிரண்டும் நடுவழியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. காலையிலிருந்து. இந்தக் காற்றில். அவன் உள்ளே காலெடுத்து வைத்தான். சங்கரி குறுக்கே வந்து நின்றாள்.

"தொடப்பிடாது."

"சங்கரி, இப்பம் பொத்தானப் போட்டா மூடிக்குப் போயிரும். பாதியாவது தப்பிக்கும்."

"பூசையில வச்சதுங்க. நாளைக்கு விடிஞ்சுதான் தொடணும். அன்னைக்கும் இப்பிடித்தான், ஒரு நிமிசம்னு சொல்லித்தான் போனீக. என்ன ஆச்சி?"

"மில்லு போனது பஞ்சு வெலையில. என் கைய்யால இல்ல."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. என்னால இன்னொருக்க அதப் பாக்க முடியாது," என்றாள். வாசல்நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

பீர் மைதீன் சுண்டல் தட்டைப் பைய இறக்கி வைத்தார். "வே, விடும். அவ மனசுல உள்ள பயம் இருக்கே, அத உம்ம ஸ்குரூ டிரைவர வச்சிக் கழத்த முடியாது. காலைல பாத்துக்கிடுவோம்," என்றார். புருஷன் பெண்சாதி நடுவில் நிற்கவேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

குமரவேல் சத்தம் போட்டிருந்தால் சங்கரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் "சரி," என்றான். உள்ளறைக்குப் போனான். பெஞ்சில் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

விஜயதசமி விடிய இருக்கும்போதே அவள் எழுந்து குளித்துவிட்டாள். விளக்கேற்றி, சூடம் காட்டி, முருகா என்று சொல்லி மெயின் சுவிட்சின் கைப்பிடியை மேலே தள்ளினாள். முதல் பிரிண்டரில் தாள் வைத்து, அவன் செய்கிற மாதிரியே பொத்தானை அமுக்கினாள். அது முனகிக்கொண்டு நகர்ந்தது. கார்ட்ரிட்ஜ் போய்வந்தது. வெளியே வந்த தாளில் கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வரி. பல்லுப்போன வாய்மாதிரி அங்கங்கே ஒரு பட்டை. இரண்டாவதில் மஞ்சளே இல்லை. மூன்றாவது வெறும் தாளைத் தள்ளியது.

மூன்று தாளையும் கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தாள்.

"எந்திரிங்க. விடிஞ்சிட்டு."

"போட்டும் விடு. மதுரைக்காரன் பாத்துக்கிடட்டும்."

"நான் செஞ்சது தப்புதான். ஆனா பூசை தப்பில்ல. பூசைய விட்டுட்டுச் சொல்லுங்க, இப்பம் என்ன செய்யணும்? நான் செய்யுதேன். துணிய வெந்நில நனச்சி வாயில வைக்கணும். அவ்வளவுதான? பன்னெண்டையும் நானே வைக்கேன்."

அவள் அடுக்களைக்குப் போய் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினாள். வேண்டுமென்றே பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்தவனுக்கு எல்லாச் சத்தமும் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். மூடியைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"ஏளா, கொதிக்கவிடாத!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொதிச்ச துணிய வச்சா வாயி வெந்து போவும். கை பொறுக்கச் சூடு போதும்."

"எனக்கு எப்பிடித் தெரியும் எவ்வளவு சூடுன்னு?"

பெஞ்சு கிரீச்சிட்டது.

அவன் வந்து துணியைக் கையில் வாங்கிப் பார்த்தான். ஆவியில் வைத்தால் ஈரமும் அளவாக இருக்கும், சூடும் அளவாக இருக்கும் என்றான். கொப்பரையில் இட்லித் தட்டு ஒன்று. அதன்மேல் துணி மட்டும் வைக்க ஒரு தட்டு. மூன்று துணிதான் தேறியது. மற்றதெல்லாம் ஏற்கெனவே மைபட்டு வீணாகியிருந்தது.

"வேற துணி இல்லியே," என்றாள் சங்கரி.

குமரவேல் சுற்றுமுற்றும் பார்த்தான். கொடியில் அவன் வேட்டி கிடந்தது. வீட்டில் உடுத்திப் படுப்பதற்கென்றே இருந்த வேட்டி. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனது.

"அதக் கிழி."

"வீட்டுல உடுத்த அது ஒண்ணுதான இருக்கு?"

"கிழிங்கேன்லா."

கிழித்தாள்.

அப்புறம் பேச நேரமில்லை. அவள் துணி எடுத்துக் கொடுக்க, அவன் அதை ஒரு தட்டில் விரித்து, கார்ட்ரிட்ஜ்களை அதன்மேல் வரிசையாக வாய் கீழாக உட்கார வைத்தான். ஆறுவதற்குள் மாற்றவேண்டும். மாற்றிய துணியில் ஒன்றுமில்லை. மறுபடி வைத்தான். கறுப்பு முதலில் கசிந்தது. அப்புறம் ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. மஞ்சள்தான் கடைசிவரை அடம்பிடித்தது. இட்லி வெந்த வாசனையும் மையின் வாசனையும் வீடு முழுக்க அடித்தன. எட்டாவது பிரிண்டர் முழுத் தாளும் பிசிறில்லாமல் அடித்துத் தள்ளியபோது வெளியே வேன் ஹாரன் கேட்டது.

பீர் மைதீன் உள்ளே வந்து பார்த்துவிட்டு நின்றார்.

"என்னவே இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு? மிசினுக்கு ஒத்தடமா? எனக்கு முட்டுவலி வந்து மூணு வருசமாச்சி. ஒரு ஆளு இப்பிடி ஒத்தடம் குடுத்ததில்ல."

"உக்காருங்க அண்ணாச்சி. இட்லி சாப்பிடுங்க," என்றாள் சங்கரி.

"இது எந்தத் தட்டுல வெந்த இட்லி? மையி ஏதும் கலந்திருக்கா?" என்று ஒன்றைப் பிட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மிளகாய்ப்பொடியில் தோய்த்து ஆறு சாப்பிட்டார்.

ஒன்பது தேறியது. இரண்டு பிரிண்டர் எவ்வளவு ஒற்றியும் மெல்லிய வெள்ளை வரி ஒன்றை விடாமல் அடித்தன. ஒன்று வெறும் தாளைத்தான் தள்ளியது. குமரவேல் அந்த மூன்றையும் தனியாக எடுத்து வைத்தான்.

"எல்லாத்தையும் ஏத்தும்வே," என்றார் பீர் மைதீன். "பொட்டும் பூவுமா இருக்கு. அங்கன கைதட்டி, போட்டோ எடுத்து, ஆளுக்கு ரெண்டக் கையில குடுத்திருவாக. அந்த வாத்தியாரு ஊருக்குப் போயிப் பெட்டியத் தொறக்க ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள லாட்டு ஒமக்கு வந்திரும். பொறவு போயிச் சரி பண்ணிக் குடுத்திரும். யாரு கேக்கப்போறா?"

சரி என்று அவன் சொல்லிவிட்டால் நல்லது என்றிருந்தது சங்கரிக்கு. செய்தவள் அவள்தானே. அந்த மூன்றும் வண்டியில் ஏறிவிட்டால் அவள் தப்பும் கூடவே ஏறிப் போய்விடும்.

குமரவேல் வெறும் தாளைத் தள்ளிய பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"புன்னக்காயல்ல இருந்து விடியக் கெளம்பி பஸ்ஸு மாறி மாறி வாராரு ஒரு மனுசன். அவரு கையில ஓடாததக் குடுத்து அனுப்பச் சொல்லுதீரா? ஒம்பதுதான் போவும்."

"சரி, ஒம்பது. கோமதிசங்கர் சாருகிட்ட மூணு கொறையுதுன்னு யாரு சொல்ல? நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்தக் கார்ட்டிரிஜிக் கதையெல்லாம் வராது. நீரு வந்து சொல்லும்."

கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்பதுபோல அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டார். குமரவேல் வாசலைப் பார்த்தான். பாளையங்கோட்டைக்குப் போகவேண்டுமானால் பாலத்தைத் தாண்டவேண்டும். பாலத்து முக்கில் டீக்கடை. விஜயதசமி அன்றைக்கு மில்லுக்காரர்கள் அங்கே இல்லாமல் இருக்கமாட்டார்கள். கொப்பரையில் மிச்சத் தண்ணீர் சிணுங்கிக்கொண்டிருந்தது. சங்கரி அடுப்பை அணைத்தாள்.

"ஏளா," என்றான் குமரவேல். "என் பேண்டு எங்க கெடக்கு?"

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை.

"வேட்டியத்தான் கிழிச்சாச்சே," என்றான், அதுதான் காரணம் என்பதுபோல.

டிரங்குப் பெட்டியின் அடியில், அந்துருண்டை வாசனையோடு இருந்தது. இரண்டு வருஷத்தில் அவன் இளைத்திருந்தான். பேண்டு இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டு தேடக் கிடைக்கவில்லை. பிரிண்டர் பெட்டி கட்டிவந்த நைலான் கயிற்றை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, சட்டையை வெளியே தொங்கவிட்டான்.

"ஐ.ஜி. மாதிரி இருக்கீரு," என்றார் பீர் மைதீன். "கயித்த மட்டும் யாரும் இழுக்காம பாத்துக்கிடும்."

ஒன்பதும் ஏறின. ஒவ்வொன்றின் பொத்தானையும் அவனே அமுக்கி, கார்ட்ரிட்ஜ் மூலைக்குப் போய் மூடியில் உட்காருகிற டிக் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றினான். விபூதியும் சந்தனமும் அப்படியே இருக்கட்டும் என்றான். "அழிச்சிரட்டுமா?" என்று கேட்கத் துணியை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்தவன் தலையை வெளியே நீட்டினான்.

"மூணையும் மேசமேல எடுத்து வையி. வாய்க்கு ஈரத்துணி போட்டு வையி. சாயந்தரம் வந்து பாக்கணும். மெயினு ஓடிக்கிட்டே இருக்கட்டும். அணச்சிராத தாயீ."

"நான் அந்தப் பக்கமே போவல," என்றாள்.

வண்டி திரும்பிப் பாலத்தைப் பார்த்துப் போயிற்று. கண்ணுக்கு மறைகிறவரை நின்றாள். அங்கே கோமதிசங்கர் என்ன சொல்வார், கமிட்டி என்ன சொல்லும், லாட் இங்கே வருமா மதுரைக்குப் போகுமா, ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் மூன்று பிரிண்டரையும் மேசையில் தூக்கி வைத்தாள். கார்ட்ரிட்ஜ்களுக்கு ஈரத்துணி போட்டாள். மிச்சத் துணியை அலசினாள். எவ்வளவு அலசியும் மஞ்சளும் சிவப்பும் நீலமும் போகிறதாகத் தெரியவில்லை. பிழிந்து எடுத்துக்கொண்டு வாசல் கொடிக்கு வந்தாள். வேட்டியின் கிழிசல்கள் வரிசையாக, வர்ணம் வர்ணமாகக் காற்றில் ஆடின.

எதிர்வீட்டில் ஆவுடைத்தாய் தாமதமாகக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தாள். வேன் நின்றதையோ போனதையோ அவள் பார்க்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"அண்ணாச்சி உள்ளயா இருக்காக?"

சங்கரி கடைசித் துணியை உதறிப் போட்டாள்.

"இல்லக்கா. சோலியா வெளிய போயிருக்காக."